கணனிக்குள் ஒரு பாகப்பிரிவினை



முன்னாளில் ஒரு குடும்பத்தின் செல்வங்கள் யாவும் தகரப் பெட்டியொன்றினுள் இருந்தன. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, கலியாணப் படங்கள் ஆகியவற்றை அதனுள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பிற் செருகிக்கொண்டார்கள் நம் பாட்டிமார். இன்றோ அச்செல்வங்களிற் பெரும்பாலானவை வீட்டுக் கணனியினுள்ளே, உள்ளங்கையளவான வன்தட்டொன்றிற் குடியிருக்கின்றன. காலமான தந்தையாரின் குரல், மகளின் உயர்தர வகுப்புக் குறிப்புகள், தம்பியின் கடைக் கணக்கு, குழந்தை முதன்முதல் நடந்த காட்சி ஆகிய யாவும் அங்கேதான் உள்ளன. தகரப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க எவரும் துணியார். ஆனாற் கணனியை மட்டும், "சற்றே மாற்றிப் பார்ப்போமே" என்று கைவைத்துவிடுகின்றோம்.

இவ்வாரம் அதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கான பொது ஆதரவை மைக்ரோசொஃப்ட் கம்பனியார் நிறுத்திவிட்டனர். அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11 எல்லாக் கணனிகளிலும் ஏறுவதில்லை. இன்ரெல் கம்பனியின் செயலியாயின், பெரும்பாலும் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் வேண்டும். இவையில்லாத காரணத்தால், நன்றாக உழைக்கும் மடிக்கணனிகள் பல வீடுகளிற் கைவிடப்படும் நிலையில் உள்ளன. அவற்றைக் குப்பையிற் போட மனமில்லாத இளைஞர்கள், பழைய விண்டோஸின் பக்கத்திலேயே லினக்ஸ் என்னும் இலவச முறைமையையும் குடியேற்ற முற்படுகின்றனர். நல்ல முயற்சியே. ஆயினும் அதற்கு முன்பு இரண்டு காரியங்கள் ஆகவேண்டும். ஒன்று, வன்தட்டை ஆளும் கட்டுப்படுத்தியின் இயங்குமுறையை மாற்றுதல். மற்றொன்று, தட்டினுள் இருக்கும் பிரிவின் எல்லையைச் சுருக்கிப் புதியவருக்கு இடம் விடுதல். இவ்விரண்டும் ஒழுங்குமுறை தெரிந்து செய்வார்க்கு எளியவை. ஒழுங்கு தவறுவார்க்கு ஓர் இரவிலே பத்தாண்டுப் படங்களைப் பறித்துவிடக் கூடியவை.

வாயிற் காவலன் யார்?

செயலியானது வன்தட்டோடு நேரே பேசுவதில்லை. இடையிலே கட்டுப்படுத்தி என்னும் காவலன் நிற்கின்றான். இக்காவலன் எந்த மொழியிற் பேசவேண்டும் என்பதைக் கணனியின் பயோஸ் அமைப்பிலே தெரிந்தெடுக்கலாம். பொதுவாக அங்கே காணப்படும் பெயர்கள் மூன்று: ஐ.டி.ஈ., ஏ.எச்.சி.ஐ., றெயிட் என்பனவே அவை.

ஐ.டி.ஈ. என்பது 1980களின் நடுப்பகுதியில் எழுந்த முறை. அதன்படி தட்டுக்கு ஒரு வேளையில் ஒரு கட்டளையே கொடுக்கலாம். அது முடிந்த பின்னரே அடுத்தது. கூப்பன் கடையில் ஒருவர் சாமான் முழுவதையும் வாங்கிச் சென்ற பின்னரே அடுத்தவர் முன்வருவது போன்றது இது. 2003ஆம் ஆண்டளவில் சாட்டா என்னும் மெல்லிய கம்பியிணைப்பு வந்தது. அதன் திறமையை முழுதும் பயன்படுத்துவதற்காக 2004ஆம் ஆண்டில் இன்ரெல் கம்பனியார் ஏ.எச்.சி.ஐ. என்னும் விதிமுறையை வகுத்தனர். இம்முறையில் 32 கட்டளைகள் வரை ஒருங்கே வரிசையில் நிற்கலாம். தட்டானது அவற்றைத் தன் முள் செல்லும் வழிக்கேற்ப மாற்றியடுக்கிக்கொள்கின்றது. தபாற்காரர் கடிதங்களைத் தெருவாரியாக அடுக்கிக்கொண்டு புறப்படுவதை ஒத்த ஏற்பாடு என்க.

றெயிட் என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தட்டுகளைச் சேர்த்து ஒன்றாக ஆளும் முறை. ஆனால் ஒரேயொரு தட்டுள்ள மடிக்கணனிகளையும் சில கம்பனிகள் இம்முறையிலேயே வைத்து விற்கின்றன. அப்பொழுது தட்டு இன்ரெல் மென்பொருளின் திரைக்குப் பின்னால் மறைந்து நிற்கின்றது. பதினோராந் தலைமுறைச் செயலிகளிலிருந்து பல மடிக்கணனிகளில் வி.எம்.டி. என்னும் பெயரில் இதே போன்ற திரையொன்று உண்டு. அந்தத் திரையினால் லினக்ஸை நிறுவப் புகுவோருக்குத் தட்டே தென்படாமற் போவதுண்டு. "தட்டு பழுதாகிவிட்டது" என்று அழவேண்டியதில்லை. திரையை நீக்கினாற் போதும், தட்டு தோன்றும்.

மாற்றியதும் நீலத்திரை வருவதேன்?

விண்டோஸ் முதன்முதல் நிறுவப்படும் பொழுது, அன்று காவல் நிற்பவனுடைய மொழியை அறிந்த சாரதியை மட்டுமே காலையில் எழுந்ததும் வேலைக்கு வரும்படி நியமித்துக்கொள்கின்றது. ஏனைய சாரதிகள் கந்தோரில் இருந்தபோதிலும் அவர்களுக்கு அழைப்பில்லை. பயோஸிலே காவலனை நாம் திடீரென மாற்றிவிட்டாற் புதியவன் சொல்வது பழைய சாரதிக்கு விளங்குவதில்லை. தட்டைத் திறக்க வழியின்றி விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடுகின்றது. துவக்கத் தட்டை அணுக முடியவில்லை என்று பொருள்படும் 7பி என்னும் பிழையெண் அதற்கு உரியது.

இவ்விடத்தில் நேயர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஒரே தட்டுள்ள சாதாரணக் கணனியில் இந்த நீலத்திரையினால் ஒரு படமும் அழிவதில்லை. ஓர் எழுத்தும் மாறுவதில்லை. மீண்டும் பயோஸினுட் சென்று பழைய முறையையே தெரிந்தெடுத்தால் விண்டோஸ் முன்போல எழுந்துவிடும். அழிவு நேர்வது பதற்றத்தினாலேயாம். நீலத்திரையைக் கண்டு கலங்கி, "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுக" என்னும் தெரிவை அழுத்துபவர்களே படங்களை இழக்கின்றனர்.

ஆயினும் இரு விதிவிலக்குகள் உள. கணனியில் உண்மையாகவே இரண்டு தட்டுகள் றெயிட் முறையில் இணைக்கப்பட்டிருக்குமாயின், முறையை மாற்றுதல் அவ்விணைப்பைக் குலைத்துவிடும். அவ்வாறே, ஒப்டேன் என்னும் விரைவு நினைவகம் வன்தட்டுக்குத் துணையாக நிற்குமாயின், முதலில் இன்ரெல் மென்பொருளினூடாக அத்துணையை முறைப்படி நிறுத்தியாக வேண்டும். அன்றேல் இன்னும் தட்டுக்கு எழுதப்படாத தரவுகள் அந்தரத்தில் நின்றுவிடும். இவ்விரண்டும் உங்கள் கணனியில் இல்லை என்பதை உறுதி செய்யாமல் மேற்செல்லல் ஆகாது.

முதற்கண் செய்ய வேண்டியவை

உதாரணத்திற்கு ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். 2017ஆம் ஆண்டில் வாங்கிய மடிக்கணனி ஒன்று அங்கே இருக்கின்றது. ஏழாந் தலைமுறைச் செயலி. 1000 கிகாபைட் வன்தட்டு. றெயிட் முறையில் விற்கப்பட்டது. அதிலே 300 கிகாபைட் அளவில் படங்களும் குறிப்புகளும் உள்ளன. மூத்த மகள் அதில் லினக்ஸையும் நிறுவ விரும்புகின்றாள். தாயாரோ படங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்கின்றார். இருவர் விருப்பமும் நியாயமானவையே. இரண்டையும் நிறைவேற்றவும் முடியும்.

முதலாவது, காப்புப் பிரதி. வெளித்தட்டு ஒன்றைப் பெற்று, இழக்க முடியாதவை யாவற்றையும் அதிற் பிரதி செய்க. பிரதி செய்ததோடு நின்றுவிடலாகாது. அவ்வெளித்தட்டை வேறொரு கணனியிற் பொருத்தி, அங்குமிங்குமாகப் பத்துப் படங்களையாவது திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத பிரதி, எண்ணிப் பாராத பணத்தை ஒத்தது. அனுபவம் மிக்கோர் கூறும் விதி யாதெனில், மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பதாகும். அயலூரில் இருக்கும் சித்தி வீட்டில் ஒரு தட்டை வைத்திருப்பதும் அவ்விதிக்கு அடங்கும்.

இரண்டாவது, தட்டின் உடல்நலம். நாடி பார்க்காமற் சத்திர சிகிச்சை செய்யும் வைத்தியர் உண்டோ? வன்தட்டுகள் தமது நலத்தைத் தாமே குறித்து வைத்துக்கொள்கின்றன. ஸ்மார்ட் என்னும் அக்குறிப்பேட்டைக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் படித்துக் காட்டும். பழுதாகி மாற்றப்பட்ட வட்டக்கூறுகளோ, வாசிக்க முடியாது காத்திருக்கும் கூறுகளோ பெருகி வருவதாக அது கூறுமாயின், எல்லையை மாற்றும் எண்ணத்தை அன்றே விட்டுவிடுக. அத்தட்டிற்கு வேண்டியது ஓய்வு. உங்களுக்கு வேண்டியது புதுத் தட்டு.

மூன்றாவது, மறைக்குறியீட்டின் திறப்பு. பிட்லொக்கர் என்னும் பூட்டு பல கணனிகளில் உரியவருக்குத் தெரியாமலே பூட்டப்பட்டிருக்கும். மைக்ரோசொஃப்ட் கணக்கினால் உள்நுழையும் விண்டோஸ் 11 மடிக்கணனிகளில் இது மிகவும் சாதாரணம். பயோஸிலே மாற்றஞ் செய்ததும், "வேறு யாரோ கைவைத்துவிட்டார்" என்று அது ஐயுற்று, 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறப்பைக் கேட்கும். அது கையில் இல்லையேல் உள்ளிருப்பவை உரியவருக்கே எட்டாதவை ஆகும். ஆதலின் அவ்விலக்கங்களை முன்கூட்டியே எடுத்துக் கொப்பியொன்றில் எழுதி வைத்துக்கொண்டு, மாற்றம் முடியும்வரை பிட்லொக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தல் வேண்டும்.

நான்காவது, மின்சாரம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உப மின்நிலையத்திலே குரங்கொன்று பட்டதனால் நாடு முழுவதும் மின்சாரம் அற்றதென அறிவிக்கப்பட்டதையும் மறக்கவில்லை. குரங்கு நாட்பார்த்து வருவதில்லை. மடிக்கணனியாயிற் பற்றரி நிறைந்திருக்க, மின்னிணைப்பும் பொருத்தியிருக்கட்டும். மேசைக் கணனியாயின் யு.பி.எஸ். இன்றி எல்லையை மாற்றத் தொடங்க வேண்டாம். இடிமுழக்கம் கேட்கும் மாலைப்பொழுதும் இதற்கு ஏற்றதன்று.

காவலனை மாற்றும் முறை

இனிச் செய்கைக்கு வருவோம். விண்டோஸ் 8, 10, 11 ஆகியவற்றிற்குப் பெரும்பாலும் பலன் தரும் வழி சேஃப் மோட் வழியாகும். சேஃப் மோட் எனப்படும் எளிய நிலையில் எழும் விண்டோஸ், வழக்கமான சாரதியை மட்டும் நம்பியிராமல், அடிப்படைச் சாரதிகள் எல்லோரையும் அழைத்துப் பார்க்கின்றது. அப்போது புதிய காவலனுக்கு ஏற்ற சாரதியும் வேலைக்கு வந்து பதிவாகிவிடுகின்றான்.

முதலில் சிஸ்டம் கொன்ஃபிகரேஷன் என்பதைத் தேடித் திறந்து, அதில் பூட் என்னும் பக்கத்திலே சேஃப் பூட் என்பதற்கு நேரே குறியிடுக. இக்குறியை இடும் முன்னர், உங்கள் கணக்கின் முழுக் கடவுச்சொல் நினைவில் இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்க. நாள்தோறும் நாலிலக்கத்தை அழுத்தியே பழகியவர்கள், அவ்விலக்கம் சேஃப் மோட்டில் ஏற்கப்படாது வாயிலில் நின்று தவிப்பதுண்டு.

பின்னர்க் கணனியை மீண்டும் தொடங்கி, எழும்போதே பயோஸினுட் செல்க. அதற்குரிய விசை கணனிக்குக் கணனி வேறுபடும். எஃப் 2, எஃப் 10, டிலீட் ஆகியவற்றுள் ஒன்றாக இருத்தல் வழக்கம். எதையும் மாற்றுமுன் அத்திரையைக் கைத்தொலைபேசியாற் படம் பிடித்துக்கொள்க. திரும்பி வரும் வழி அப்படத்தில் இருக்கின்றது. பின்பு சாட்டா அல்லது சேமிப்பு என்னும் தலைப்பின் கீழ் றெயிட் என்பதை ஏ.எச்.சி.ஐ. என மாற்றிச் சேமித்து வெளியேறுக. "தரவுகள் யாவும் அழியக்கூடும்" என்னும் எச்சரிக்கை சில கணனிகளில் தோன்றும். உண்மையான றெயிட் இணைப்பை வைத்திருப்போருக்காக எழுதப்பட்ட வாசகம் அது. ஆயினும் காப்புப் பிரதி எடுத்தவர் மட்டுமே அதைக் கண்டு அமைதியாக இருக்கலாம்.

கணனி சேஃப் மோட்டில் எழுந்ததும், முன்னர் இட்ட குறியை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குக. வழமைபோல் எழுந்தால் காரியம் கைகூடிற்று. டிவைஸ் மனேஜர் என்னும் பட்டியலில் ஏ.எச்.சி.ஐ. கட்டுப்படுத்தியின் பெயர் இப்பொழுது காணப்படும். எழவில்லையாயின், படத்தைப் பார்த்துப் பழைய முறைக்கே திரும்புக.

விண்டோஸ் 7 இருக்கும் மிகப் பழைய கணனிகளில் ஐ.டி.ஈ.யிலிருந்து மாறுவோர் வேறொரு வழியைக் கையாள வேண்டும். றெஜிஸ்ட்ரி என்னும் ஏட்டிலே ஏ.எச்.சி.ஐ. சாரதிக்குரிய தொடக்க எண்ணை முன்கூட்டியே பூச்சியமாக்கி, பின்பே பயோஸை மாற்றுதல் வேண்டும். அவ்வேட்டில் ஓரெழுத்துப் பிசகினாலும் தொல்லையாதலின், பழக்கமுள்ளவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது நன்று. கணனி விரைவடையும் என்னும் ஒரே ஆசையினால் இதைச் செய்ய வேண்டியதில்லை. பழைய சுழல்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவதால் உண்டாகும் விரைவு, முறையை மாற்றுவதால் உண்டாவதைக் காட்டிலும் மிகப் பெரிது.

முறை மாறிய பின்னர் ஓரிரு நாள் கணனியை வழமைபோற் பயன்படுத்திப் பாருங்கள். அன்றைக்கே எல்லையையும் மாற்றப் புகவேண்டாம். ஒரே நாளில் இரு மருந்து உட்கொண்டவனுக்கு எது ஒவ்வவில்லை என்று எவ்வாறு தெரியும்?

தோம்பும் காணியும்

இனி எல்லைக்கு வருவோம். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் காணிகளின் உரிமையாளரையும் விபரங்களையும் பதிந்து வைத்த ஏட்டுக்குத் தோம்பு என்று பெயர். வன்தட்டிற்கும் ஒரு தோம்பு உண்டு. எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை மட்டுமே அது கூறும். காணியில் நிற்கும் மரங்களைப் பற்றி அதற்குத் தெரியாது.

பழைய தோம்பு எம்.பி.ஆர். எனப்படும். 1983ஆம் ஆண்டு ஐ.பி.எம். கம்பனியின் வன்தட்டுள்ள கணனியோடு வந்தது. தட்டின் முதற் கூறிலே 512 பைட் இடத்தினுள், வெறும் 64 பைட்டில், நான்கே நான்கு காணிகளை அது பதிந்து வைக்கும். அதற்கு வேறு பிரதியும் இல்லை. புதிய தோம்பு ஜி.பி.ரி. எனப்படும். இதில் வழக்கமாக 128 காணிகளைப் பதியலாம். தட்டின் கடைசியில் இதற்கு ஒரு மறுபிரதியும் உண்டு. எழுத்து மாறிவிட்டதா என்று சரிபார்க்கும் கணக்கும் உண்டு.

தோம்பிலே எல்லையை மாற்றி எழுதிவிட்டாற் காணி சுருங்கிவிடுமா? சுருங்காது. கிழக்கு வேலியோரம் நிற்கும் தென்னைகளை முதலில் உள்ளே பெயர்த்து நட்ட பின்னரே வேலியை உள்ளே நகர்த்தலாம். வேலியை முதலில் நகர்த்தினால் தென்னைகள் அடுத்தவன் காணியிலாகிவிடும். அவன் வெட்டிவிடுவான். ஆகவே பிரிவொன்றைச் சுருக்கும் பொழுது, முதலில் உள்ளிருக்கும் கோப்பு முறைமை சுருங்க வேண்டும். பின்பே தோம்பு மாறவேண்டும். விரிக்கும் பொழுது இவ்வொழுங்கு தலைகீழாகும். முதலில் வேலியை வெளியே தள்ளி, பின்னரே பயிரைப் பரப்ப வேண்டும். நல்ல மென்பொருள்கள் இவ்வொழுங்கைத் தாமே கைக்கொள்கின்றன. தோம்பை மட்டும் திருத்தும் கருவிகளை அறியாது கையாள்வோரே இடருறுகின்றனர்.

விண்டோஸின் காணியைச் சுருக்குவதற்கு விண்டோஸையே ஏவுதல் நன்று. டிஸ்க் மனேஜ்மென்ட் என்பதைத் திறந்தால் தட்டின் படம் தோன்றும். 1000 கிகாபைட் என்று வாங்கிய தட்டு அங்கே 931 என்று காட்டப்படுவதைக் கண்டு திகைக்க வேண்டாம். விற்பவர் ஆயிரத்தால் வகுக்க, விண்டோஸ் 1024ஆல் வகுக்கின்றது. களவு ஒன்றும் நிகழவில்லை.

அப்படத்திலே சிறு பிரிவுகள் சில முழுதும் காலியாக இருப்பது போலத் தோன்றும். இவற்றால் ஏமாறுவோர் மிகப் பலர். கணனி எழுவதற்கு வேண்டிய முதல் ஏடுகள் இருக்கும் ஈ.எஃப்.ஐ. பிரிவும், பழுது நேர்ந்தால் மீட்பதற்குரிய பிரிவும் அவையாம். விண்டோஸ் அவற்றினுள் எட்டிப் பாராததால் "நூற்றுக்கு நூறு காலி" என்று காட்டுகின்றதேயன்றி அவை காலியல்ல. வெறுங் காணி என்று எண்ணி அழித்துவிட்டால் மறுநாட் காலை கணனி எழாது.

சுருக்குமுன் தட்டிலே பிழையுண்டா என்று விண்டோஸின் சோதனைக் கருவியாற் சோதித்துக்கொள்க. பின்பு பெரிய பிரிவின்மீது வலப்புற விசையை அழுத்தி, ஷ்ரிங்க் வொலியூம் என்பதைத் தெரிந்தெடுக்க வேண்டும். எவ்வளவு சுருக்குவது என்று மெகாபைட்டிற் கேட்கும். நமது உதாரண வீட்டிற்கு 100 கிகாபைட் போதும். அதற்கு 102,400 என எழுதுக. 600 கிகாபைட் காலியாக இருந்தும் மிகச் சிறிய அளவையே தரமுடியும் என்று அது சொல்வதுண்டு. காரணம், பெயர்க்க முடியாத கோப்புகள் சில நடுவிலே நிற்பதுதான். துயிற்கோப்பு, நினைவக மாற்றுக்கோப்பு, மீட்புப் புள்ளிகள் ஆகியன அவை. இவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, மீண்டும் தொடங்கி முயன்றால் இடம் பெருகும். துயில்நிலையை நிறுத்துவதால் இன்னொரு நன்மையும் உண்டு. ஃபாஸ்ட் ஸ்ராட்டப் என்னும் விரைவுத் தொடக்கமும் அதனோடு நின்றுவிடும். அது நிற்காவிடின் விண்டோஸ் முழுதும் உறங்காமல் அரைத்தூக்கத்தில் இருக்க, அதன் காணிக்குள் லினக்ஸ் நுழைவதால் தரவு கெட நேரும்.

புதிய பிரிவை உண்டாக்கும்போது, "டைனமிக் தட்டாக மாற்றவா?" என்று விண்டோஸ் கேட்குமாயின், மாட்டேன் என்று மறுத்துவிடுக. எம்.பி.ஆர். தோம்பில் நான்கு காணிகளும் நிறைந்த பின் ஐந்தாவதைக் கேட்டால் எழும் கேள்வி அது. ஒப்புக்கொண்டால் லினக்ஸை நிறுவுவது பெருஞ் சிக்கலாகும். நமது தேவைக்குக் காலியிடத்தைக் காலியாகவே விட்டுவிடுதல் போதும். லினக்ஸின் நிறுவல் முறை அதனைத் தானே எடுத்துக்கொள்ளும்.

மேற்கு வேலியைத் தொடாதீர்

பிரிவின் முடிவை நகர்த்துதல் எளிது. தொடக்கத்தை நகர்த்துதல் அரிது. தொடக்கம் நகருமாயின் காணியிலுள்ள யாவும் ஒன்றொழியாது பெயர்ந்தாக வேண்டும். 300 கிகாபைட் பெயர்வதற்குப் பல மணி நேரம் செல்லும். நடுவிலே மின்சாரம் நின்றால், பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாக இரண்டுங்கெட்ட நிலை உண்டாகும். ஜிபார்ட்டெட் முதலிய கருவிகள் இதனைச் செய்ய வல்லன. ஆனால் வல்லமை வேறு, அவசியம் வேறு.

சி என்னும் பிரிவு நிறைந்து, அடுத்துள்ள டி காலியாகக் கிடக்கும் வீடுகள் பல. டியின் முன்பகுதியைச் சிக்குக் கொடுக்க விரும்புவோர் டியின் தொடக்கத்தை நகர்த்த முற்படுகின்றனர். அதனிலும் பாதுகாப்பான வழி உண்டு. டியிலுள்ளவற்றை வெளித்தட்டுக்குப் பிரதி செய்து, திறந்து பார்த்து, பின்பு டியை நீக்கி, சியை விரித்து, எஞ்சிய இடத்திற் சிறிய டியை உண்டாக்கி, யாவற்றையும் திரும்ப வைத்துவிடலாம். வேலை சற்றுக் கூடுதல். ஆபத்து மிகக் குறைவு. விண்டோஸ் தன் வலப்பக்கத்தே ஒட்டியுள்ள காலியிடத்துக்குள் மட்டுமே விரியும் என்பதையும் நினைவிற் கொள்க. இடையில் மீட்புப் பிரிவு குறுக்கே நின்றால், அதனை அவசரப்பட்டு அழிக்காது அறிந்தவரிடம் கேட்டுக்கொள்க.

எவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு பிரிவு தவறுதலாக நீங்கிவிட்டால் என் செய்வது? உடனே கையை எடுத்துவிடுக. அத்தட்டிலே புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம். ஃபோமற் செய்யவும் வேண்டாம். தோம்பில் வரி அழிந்ததேயன்றிக் காணி அங்கேதான் இருக்கின்றது. டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவசக் கருவி தட்டைத் தேடி, பழைய எல்லைகளைக் கண்டு, தோம்பைத் திரும்ப எழுத வல்லது. எஸ்.எஸ்.டி.யாயின், காலியான இடத்தை அது தானே துடைத்துவிடும் வழக்கமுடையதாதலின் மீட்சி அரிதாகலாம். மீட்பு வைத்தியரிலும் காப்புப் பிரதியே என்றும் மேலானது.

சுருங்கக் கூறின் ஒழுங்கு இதுவே: பிரதி எடுத்தல், திறந்து பார்த்தல், தட்டின் நாடி பார்த்தல், மீட்புத் திறப்பை எழுதி வைத்தல், மின்சாரத்தை உறுதி செய்தல், முறையை மாற்றுதல், ஓரிரு நாள் பொறுத்தல், பின்னர் எல்லையைச் சுருக்குதல், மீண்டும் ஒருமுறை யாவும் திறக்கின்றனவா என்று பார்த்தல். இவற்றுட் பெரும்பகுதி பொறுமையேயொழிய நுட்பமன்று. நெருப்பு வைக்கத் தெரிந்த பிள்ளைக்கு அடுப்பை அணைக்கவும் கற்பிக்கும் வீடுகள் நம்முடையவை. கணனியில் மாற்றஞ் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு, மாற்றிய வழியே திரும்பி வரவும் கற்பிப்போம். ஆர்வத்தைத் தடுக்க வேண்டாம். அதற்கு முன்னே வெளித்தட்டு ஒன்றை மட்டும் வைத்துவிடுங்கள்.